நார்வே தாத்தாவுக்கு சர்க்கரை, அப்பாவுக்கு வழுக்கை

போன வாரம் ஒரு பாட்லக் விருந்து. மினியாப்பொலிஸ் தமிழ்க் கூட்டம். வழக்கம்போல பாதி பேர் புளியோதரை, மீதி பேர் தயிர்சாதம். நான் சீக்கிரம் கிளம்பினேன். "என்ன அதுக்குள்ள?"ன்னு கேட்டாங்க.

பக்கத்து வீட்டுப் பையனோட பிறந்தநாள், பையன் இப்ப உயிரோட இல்ல, ஆனாலும் வருஷா வருஷம் அன்னிக்கு நாலு பேரைக் கூப்பிட்டு அவங்கம்மா சாப்பாடு போடுவாங்க, போகணும்னேன். கொரியாவுலேர்ந்து தத்தெடுத்து வளர்த்த பையன்னும் சொன்னேன்.

ஊர்லேர்ந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு மாமா உச்சுக் கொட்டிக்கிட்டிருந்தவர், தத்துன்னு கேட்டதும் நிறுத்திட்டார். "அப்போ அவங்களுக்குன்னு சொந்தமா ஒண்ணும் பொறக்கலையா?"ன்னார். துக்கத்துல பாதியை அப்பவே கழிச்சாச்சு.

இந்தப் பக்கம் ஒரு தம்பி. போன்லேர்ந்து தலையைத் தூக்காமலே, "கொரியா தத்தெடுப்பே பெரிய மோசடி ஆன்ட்டி. காசு கொடுத்துப் பிள்ளை வாங்கினவங்க. இப்ப அழுது என்ன ஆகப்போகுது?"ன்னான்.

ரெண்டு பேரும் ஒரே சோபாவுல உக்காந்து ஒரே தட்டுலேர்ந்து பக்கோடா எடுத்துக்கிட்டிருந்தாங்க. அதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

(அந்த மாமாவோட தாத்தாவே சுவீகாரம் வந்தவராம். மாமி சமையல்கட்டுல மெதுவா சொன்னாங்க. மாமாவோட நிலம் நீச்செல்லாம் அந்தத் தாத்தா வழியா வந்ததுதானாம். அதை மட்டும் யாரும் பாதியாக் கழிக்கல.)

சரி, அந்தப் பையனைப் பத்தி எழுதறேன். "எழுதிக்கோ, எங்க பேர் மட்டும் வேண்டாம்"னு அவங்கம்மா சொல்லியிருக்காங்க. அதனால அவன், அவங்க, அவ்வளவுதான்.

அவனை நான் பார்த்ததே இல்ல. நாங்க இந்தத் தெருவுக்குக் குடி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 2007 நவம்பர்ல போயிட்டான். 22 வயசு. ரத்தப் புற்றுநோய். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்கம்மா சொல்லிச் சொல்லித் தெரிஞ்சது. அவங்க பள்ளிக்கூட லைப்ரேரியனா இருந்து ரிட்டயர் ஆனவங்க. ஒரு கதையைப் பத்து தடவை சொன்னாலும் ஒரு சொல் மாறாது.

1985 அக்டோபர்ல வந்தான். ஏழு மாசக் குழந்தை. அப்பல்லாம் விமானத்தோட வாசல் வரைக்கும் போய் நிக்கலாம். கூட வந்த பெண்மணி கைல ரெண்டு குழந்தை. எது நம்மளுதுன்னு கைல கட்டியிருந்த பட்டையைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்களாம்.

மறுநாள் குளிப்பாட்டறப்ப முதுகுக்குக் கீழ நீலமா திட்டுத் திட்டா இருந்திருக்கு. பதறிப்போய் டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினா, அவர் சந்தேகமா ஒரு பார்வை. "யார் அடிச்சது?"

எனக்குச் சிரிப்பு தாங்கல. என் பொண்ணுக்கும் அப்படித்தான் இருந்துச்சு, எங்கம்மா திரும்பிக்கூடப் பார்க்கல. ஆசியக் குழந்தைங்க நிறைய பேருக்கு பொறக்கறப்பவே இருக்கும், வளர வளரத் தானா மறைஞ்சுடும். ஆனா தெரு முழுக்க வெள்ளைத் தோல் குழந்தைங்களையே பார்த்த டாக்டருக்கு அது அடிபட்ட காயம். அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் திருடங்களாட்டம் முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்களாம்.

அடுத்தது பால். மினசோட்டா பால்பண்ணை ஊர். அவங்க வீட்டுல மூணு வேளையும் சாப்பாட்டோட ஒரு டம்ளர் பால். இவனுக்கு தினம் வயித்து வலி. அடம் பிடிக்கறான்னு நினைச்சு இன்னும் அரை டம்ளர் கூட ஊத்துவாங்க. பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சப்புறம்தான் வேற ஒரு டாக்டர் பால் ஒத்துக்காத உடம்புன்னு கண்டுபிடிச்சார். கொரியாவுல பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான்.

"அவனைப் பெத்தவங்களுக்கு இது சாதாரணமாத் தெரிஞ்சிருக்கும்"பாங்க. குறையா இல்ல, சும்மா தகவலா சொல்வாங்க.

கோடை லீவுல கொரியக் கலாச்சார முகாமுக்கு அனுப்புவாங்க. தத்தெடுத்த குடும்பங்களெல்லாம் சேர்ந்து நடத்தறது. விசிறி நடனம், டேக்வாண்டோ, கிம்பாப் சுருட்டறது. அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. "எல்லா மூஞ்சியும் கொரியா, கூப்பிட்டுப் பார்த்தா எல்லாம் ஆண்டர்சன், ஜான்சன், ஓல்சன்"னு சொல்வானாம். ஐஸ் ஹாக்கின்னா உயிர். சீட்டாட்டத்துல ஏமாத்துவான். அப்பாவோட சட்டையைக் கேக்காம எடுத்துப் போட்டுக்கிட்டு, பட்டன் இல்லாமத் திருப்பி மாட்டுவான்.

பாவப்பட்ட அநாதைக் குழந்தை, புண்ணியவான்கள் காப்பாத்தினாங்க: இந்தக் கதைதான் சர்ச்சுல, பள்ளிக்கூடத்துல, எல்லா இடத்துலயும் ஓடுச்சாம். அவனுக்கு அது சுத்தமாப் பிடிக்காது. "நான் அதிர்ஷ்டசாலின்னு சொல்றாங்களே, அப்ப ஏன் நான் தினம் பாத்திரம் கழுவறேன்?"

இப்ப தலைப்புக்கு வரேன்.

எந்த டாக்டர்கிட்ட போனாலும் ஒரு படிவம் குடுப்பாங்கல்ல? குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இதய நோய் உண்டா? அவனுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் காலி. சின்ன வயசுல அம்மா 'தெரியாது'ன்னு குறுக்கால ஒரு கோடு போட்டுக் குடுத்துடுவாங்க. பதினாறு வயசுக்கப்புறம் தானே நிரப்ப ஆரம்பிச்சான். 'நார்வே தாத்தாவுக்கு சர்க்கரை. அப்பாவுக்கு வழுக்கை. அம்மாவுக்கு முன்கோபம், பரம்பரையா வருது.'

நர்ஸ் அந்தப் பேப்பரைப் பார்ப்பாங்க, அவன் மூஞ்சியைப் பார்ப்பாங்க. "உண்மையானதை எழுதுப்பா." "எனக்குத் தெரிஞ்ச உண்மை இதான்."

அந்தப் படிவத்துல ஒண்ணை அவங்க இன்னும் வெச்சிருக்காங்க. எனக்குக் காமிச்சாங்க. நீல மை, சாய்ஞ்ச கையெழுத்து, வழுக்கைக்குக் கீழ மட்டும் ரெண்டு கோடு.

2006-ல நோய் தெரிஞ்சப்ப அந்தக் காலிப் பக்கம் விளையாட்டா இல்ல.

எலும்பு மஜ்ஜை மாத்தணும்னா, கொடுக்கறவங்களோட திசு வகை நோயாளியோட வகையோட பொருந்தணும். ரத்த வகை இல்ல, இது வேற. அப்பா அம்மாகிட்டேருந்து பாதிப் பாதியா வர்ற அடையாளங்கள். கூடப்பொறந்த ஒருத்தர் முழுசாப் பொருந்த நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அதனால டாக்டர் கேக்கற முதல் கேள்வியே, "அண்ணன் தம்பி அக்கா தங்கச்சி எத்தனை பேர்?" இப்பல்லாம் பாதி பொருந்தினாலே அப்பா அம்மா, பெத்த பிள்ளைங்ககிட்டேருந்துகூட எடுத்து வெக்கிறாங்க. ஆனா அதுக்கும் ரத்த சொந்தம் கண்ணு முன்னாடி இருக்கணும்.

இல்லாதவங்களுக்குப் பதிவேடுதான் கதி. முன்பின் தெரியாதவங்க கன்னத்துல பஞ்சுக்குச்சி தேய்ச்சுப் பதிஞ்சு வெச்சது. அதுல பொருந்தறவங்க பெரும்பாலும் நம்ம இனத்துலேர்ந்துதான் கிடைப்பாங்க. அமெரிக்கப் பதிவேட்டை நடத்தற அமைப்போட தலைமையகம் இதே மினியாப்பொலிஸ்லதான் இருக்கு. அவங்க கணக்குப்படி, முழுப் பொருத்தம் கிடைக்கற வாய்ப்பு வெள்ளைக்காரங்களுக்கு 79 சதவீதம், ஆசியக்காரங்களுக்கு 47.

டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டப்ப அம்மா அப்பா ரெண்டு பேரும் தரையைப் பார்த்திருக்காங்க. அவன்தான் பதில் சொன்னான்: "கொரியாவுல நாலரைக் கோடிக்கு மேல இருக்காங்க டாக்டர். ஒருத்தர் ஒருத்தரா கேட்டுப் பாருங்க."

அது வெறும் ஜோக் இல்ல. இந்த ஊர்ல அப்படி ஒண்ணு ஏற்கெனவே நடந்திருந்துச்சு. பிரையன் பாமன்னு ஒருத்தர், இவனை மாதிரியே மினசோட்டாவுக்குத் தத்து வந்தவர், அமெரிக்க விமானப்படை அகாடமியில படிச்சுக்கிட்டிருந்தார். அவருக்கும் ரத்தப் புற்றுநோய். விஷயம் கொரிய டிவியில வந்ததும், ஊரே ரத்தப் பரிசோதனைக்குத் திரண்டுச்சு. கடைசியில ஒரு கொரிய இளைஞர் பொருந்தினார். 1996-ல மாத்து சிகிச்சை நடந்து, பாமன் பொழைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் கொரியாவுல மஜ்ஜை கொடுக்கப் பேர் பதிஞ்சவங்க எண்ணிக்கை எங்கேயோ போயிடுச்சு.

இவனுக்கும் கொரியாவுல ஒருத்தர் பொருந்தினாங்க. ஆமா, கிடைச்சுது. ஆனா தேதி குறிக்கறதுக்குள்ள நுரையீரல்ல கிருமி. பன்னிரண்டே நாள்.

கூடப்பொறந்தவங்க பக்கத்துல இருந்திருந்தா பொழைச்சிருப்பானான்னு ஒரு நாள் நான் கேட்டுட்டேன். "யாருக்குத் தெரியும்? ஆனா கேக்கறதுக்கு ஒரு ஆள் இருந்திருக்கும்"னாங்க.

இப்ப கொஞ்சம் வரலாறு. (தாண்டிப் போயிடாதீங்க, அந்தப் போன் தம்பிக்கான பதில் இங்கதான் இருக்கு.)

கொரியப் போர் 1953-ல நின்னுச்சு. நாடே இடிஞ்சு கிடந்துச்சு. ஓரிகன் மாநிலத்துல கிரெஸ்வெல்னு ஒரு ஊர். அங்க ஹாரி ஹோல்ட்னு ஒரு விவசாயி, பெர்த்தான்னு அவர் சம்சாரம், ஏற்கெனவே ஆறு பிள்ளைங்க. இவங்க 1955-ல கொரியாவுலேர்ந்து எட்டுக் குழந்தைங்களைத் தத்தெடுத்தாங்க. சட்டப்படி ரெண்டுதான் முடியும். இவங்களுக்காகவே அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுச்சு. பேப்பர்ல எல்லாம் பெரிய செய்தி. அதுலேர்ந்து கதவு திறந்துடுச்சு.

முதல்ல போனது அமெரிக்க சிப்பாய்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பொறந்த குழந்தைங்க. அப்புறம் ஏழை வீட்டுக் குழந்தைங்க. அப்புறம் கல்யாணமாகாத பொண்ணுங்க பெத்ததுங்க. போர் முடிஞ்சு முப்பது வருஷம் ஆகி, நாடு கார் செஞ்சு வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணிக்கிட்டிருந்த காலத்துலதான் குழந்தைங்களும் அதிகமாப் போச்சுங்க. 1985-ல மட்டும் 8,837 பேர். அதுதான் உச்சம். அதுல ஒருத்தன்தான் இவன். மொத்தமா ஏறக்குறைய 2 லட்சம் பேர். அமெரிக்காவுல அவங்க நெருக்கமா இருக்கற மாநிலம் எங்க மினசோட்டா.

1988 சியோல் ஒலிம்பிக்ஸுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகைக்காரங்க, "குழந்தையை ஏத்துமதி பண்ற நாடு"ன்னு எழுதினதும் கொரியாவுக்கு மானம் போச்சு. எண்ணிக்கையைக் குறைச்சாங்க. 1998-ல அதிபர் கிம் டே-ஜங், தத்துப் போனவங்க கொஞ்ச பேரைத் தன் மாளிகைக்கே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

2025 மார்ச் 26-ம் தேதிதான் பெரிய இடி. கொரியாவோட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரிச்சு, மனித உரிமை மீறல் நடந்திருக்கு, அரசாங்கம்தான் பொறுப்புன்னு சொல்லிடுச்சு. 11 நாடுகள்லேர்ந்து 367 பேர் முறையிட்டிருந்தாங்க. முதல் கட்டமா 56 பேரைப் பாதிக்கப்பட்டவங்கன்னு ஏத்துக்கிட்டாங்க. அப்பா அம்மா உயிரோட இருக்கறப்பவே அநாதைன்னு பதிவேடு தயார் பண்ணியிருக்காங்க. போக வேண்டிய குழந்தை செத்துப்போனா, அதோட பேப்பர்லயே இன்னொரு குழந்தையை அனுப்பியிருக்காங்க. 1984-ல டென்மார்க் போன விமானத்துல குழந்தைங்களைச் சீட்டுல பெல்ட் போட்டுக் கட்டி வெச்சிருக்கற போட்டோவும் வெளியே வந்துச்சு. 2025 அக்டோபர்ல அதிபர் லீ ஜே-மியுங்கும் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே தம்பி, நீ சொன்னதுல பாதி சரி. மோசடி நடந்திருக்கு.

ஆணையத்தோட செய்தி வந்த ராத்திரி பக்கத்து வீட்டுல லைட் அணையவே இல்ல. மறுநாள் நான் போனப்ப சாப்பாட்டு மேசை மேல அவன் ஃபைல். நெஞ்சுல நம்பர் அட்டையோட ஒரு குட்டி போட்டோ, கண்ணு ரெண்டும் அழுது வீங்கி. 'காவல் நிலைய வாசலில் கண்டெடுக்கப்பட்டது. பெற்றோர்: தெரியவில்லை.' கீழ ஒரு முத்திரை.

"நாப்பது வருஷமா இதை நிஜம்னு நம்பினேன்"னாங்க. "அவனைத் தேடிக்கிட்டு ஒருத்தி இருந்தாளோ என்னமோ. நான் இங்க அவனுக்குப் பாலை ஊத்திக்கிட்டிருந்தேன்."

அவங்க வீட்டுக்காரர் வாய் திறக்கல. (அவர் எப்பவுமே அப்படித்தான். பனி விழுந்தா நாங்க எந்திரிக்கறதுக்குள்ள எங்க வாசலையும் சேர்த்துத் தள்ளிட்டுப் போயிடுவார். பேச்சு கிடையாது.)

இப்ப டிஎன்ஏ பரிசோதனை வந்து, தத்துப் போனவங்க நிறைய பேர் பெத்தவங்களைக் கண்டுபிடிக்கறாங்க. எச்சில் துப்பி அனுப்பினாப் போதும். ஆனா துப்பறதுக்கு அவன் இல்ல. வீட்டுல சாதாரணமா வாங்கற டிஎன்ஏ கிட்டெல்லாம் பரவினதே அவன் போனப்புறம்தான்.

அதனால அவங்க ஒரு கடிதாசி எழுதினாங்க. பெத்த அம்மா என்னிக்காவது தேடி வந்தா கிடைக்கணும்னு, கொரியாவுல இருக்கற அவனோட தத்து ஃபைல்ல போட்டு வெக்கறதுக்கு.

அனுப்பறதா வேண்டாமான்னு பெரிய யுத்தம். வாய் திறக்காத மனுஷன் அன்னிக்குத் திறந்தார். "அந்தம்மா எங்கேயோ பிள்ளை நல்லா இருக்கான்னு நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். அதையும் ஏன் பிடுங்கறே?"

இவங்க, "நானா இருந்தாத் தெரிஞ்சுக்கணும்னுதான் நினைப்பேன்"னாங்க.

என்கிட்ட கேட்டாங்க. நான் அவர் பக்கம்தான் சாய்ஞ்சேன். புத்திர சோகத்தைத் தபால்ல அனுப்பறதான்னு எனக்கு மனசு வரல. கொரியாவுல ஒரு பழமொழி உண்டாம்: பெத்தவங்க செத்தா மலையில புதைப்பாங்க, பிள்ளை செத்தா நெஞ்சுல புதைப்பாங்க. ஏற்கெனவே ஒரு தடவை புதைச்சவளை மறுபடியும் தோண்டச் சொல்றதா?

அப்புறம் கடிதாசியைப் படிக்கக் குடுத்தாங்க. நோயைப் பத்தி ரெண்டே வரி. மிச்ச நாலு பக்கமும் அவன். இடது கைப் பழக்கம். தூங்கறப்ப குறட்டை. பால் ஒத்துக்காது. ஹாக்கியில பல் உடைஞ்சது. காரைச் சுவத்துல இடிச்சுட்டு, சுவர்தான் நகர்ந்துச்சுன்னு சாதிச்சது. கடைசியில ஒரு கேள்வி: 'உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது இடது கைப் பழக்கம் உண்டா?'

படிச்சு முடிச்சதும் அனுப்புங்கன்னு சொல்லிட்டேன். அந்த அம்மாகிட்ட ஒரு சாவுச் செய்தியை மட்டும் குடுக்கல இவங்க. 22 வருஷத்தைக் குடுக்கறாங்க. பதில் வரல. வராமலே போகலாம். இவங்களும் தினம் தபால் பெட்டியைப் போய்ப் பார்க்கறதில்ல.

ஏன் இதையெல்லாம் விலாவாரியாச் சொல்றேன்னா, மாமாவும் சரி, தம்பியும் சரி, ஒரு பக்கத்தை மட்டும் வெச்சுக்கிட்டு முடிச்சுடப் பார்க்கறாங்க. சொந்த ரத்தம் இல்ல, அதனால துக்கம் கம்மி. மோசடி, அதனால துக்கப்பட உரிமையே இல்ல. இவங்க என்னடான்னா ரெண்டையும் ஒரே மேசையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவன் என் பிள்ளை. அவனை இன்னொருத்திகிட்டேருந்து யாரோ பறிச்சிருக்கலாம். ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது.

பாசத்துக்கு ரத்தம் தேவைப்படல. வைத்தியத்துக்குத் தேவைப்பட்டுச்சு. அந்த ரத்தம் எங்க இருக்குன்னு சொல்லக்கூடிய காகிதத்துல யாரோ பொய் எழுதியிருக்கலாம். என் கோபம் அந்தக் காகிதத்து மேலதான்.

சரி, பிறந்தநாள் சாப்பாட்டுக்கு வருவோம். (அந்தத் தேதியே ஏதோ ஒரு டாக்டர் பல்லையும் எடையையும் பார்த்துக் குத்துமதிப்பாப் போட்டதா இருக்கலாம்னு அவங்களுக்கு இப்ப சந்தேகம். ஆனாலும் மாத்தல. "அவன் கேக் வெட்டின தேதி இதுதான்.")

கொரியாவுல பிறந்தநாளுக்குக் கடல்பாசி சூப், மியோக்குக். பிள்ளை பெத்தவளுக்கு வாரக்கணக்கா அதைத்தான் குடுப்பாங்க, நம்ம ஊர்ப் பத்தியச் சாப்பாடு மாதிரி. அதனால பிறந்தநாளுக்கு அதைக் குடிச்சா அம்மா பட்ட பாட்டை நினைச்சுக்கறதாம். அவனோட முதல் பிறந்தநாளுக்கு இவங்க காய்ஞ்ச பாசிப் பாக்கெட் ஒண்ணை முழுசா ஊறப்போட்டு, அது பொங்கிப் பொங்கி சிங்க் நிறைஞ்சு தரைக்கு வந்துடுச்சாம். மனுஷன் வாளியில அள்ளித் தோட்டத்துல கொட்டினாராம்.

நான் சைவம். அவங்க மாட்டிறைச்சி போட்டுப் பண்ணுவாங்க. அதனால என் பங்குக்கு ஒரு சைவ மியோக்குக் பண்ணிப் பார்த்தேன். நம்ம நல்லெண்ணெய்ல பூண்டை வதக்கினா அந்த வாசனை வரவே இல்ல. கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளுல ஆட்டறது, கலரே தேன் கலர். அதை வாங்கினேன். அடுத்த தடவை காளான் போட்டுக் கொதிக்க வெச்சு, சோயா சாஸைக் கம்மி பண்ணினதும் ஒரு வழியாப் பிடிபட்டுச்சு. பெருங்காயம் மட்டும் வேண்டாம். (போட்டுப் பார்த்தாச்சு. ரசமும் இல்ல, சூப்பும் இல்ல.)

இந்த வருஷம் எங்க ரெண்டு பேர் சூப்பும் பக்கத்துப் பக்கத்துல. அவன் சிநேகிதங்க மூணு பேர் வந்திருந்தாங்க, இப்ப நாப்பது வயசு ஆளுங்க. ஒருத்தருக்கு வழுக்கை விழ ஆரம்பிச்சிருக்கு. "எங்க குடும்பத்துல பரம்பரை"ன்னார் அவனோட அப்பா. மேசையே குலுங்கிச் சிரிச்சுது.

இப்ப உங்க பக்கம் வரேன். ஆசியக்காரங்களுக்கு 47-ன்னு சொன்னேனே, அதுல நாமளும் அடக்கம். பதிவேட்டுல நம்ம ஆளுங்க கம்மி. அமெரிக்காவுல 18-லேர்ந்து 40 வயசுக்குள்ளன்னா பேர் குடுக்கலாம். இந்தியாவுல இருக்கறவங்களுக்குச் சென்னையிலேயே தாத்ரின்னு ஒரு பதிவேடு இருக்கு. கன்னத்துல ஒரு பஞ்சுக்குச்சி, அவ்வளவுதான். பின்னாடி யாருக்காவது பொருந்தினாலும் பெரும்பாலும் எலும்பைத் துளைக்கறதெல்லாம் இல்ல. அஞ்சு நாள் ஊசி போட்டு, ஒரு கை வழியா ரத்தத்தை எடுத்து, வேண்டியதை மெஷின்ல பிரிச்சுக்கிட்டு, மிச்சத்தை இன்னொரு கை வழியாத் திருப்பி விட்டுடுவாங்க.

தமிழ்ச் சங்க பிக்னிக்ல ஒரு மேசை போடக் கேட்டிருக்கேன். புளியோதரை வரிசைக்குப் பக்கத்துலயே போடச் சொல்லியிருக்கேன், அங்கதான் கூட்டம் நிக்கும். என் பொண்ணு பேரைக் குடுத்துட்டா. போன் தம்பிக்கு வயசு 27, அவன் வெச்சிருக்கற அதே போன்லயே லிங்க் அனுப்பியாச்சு. இன்னும் ஒருத்தர் ஒருத்தரா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.